டேனிஷ் பிரையர் பைப்: உள்ளங்கை அகல மரத்துக்கு இவ்வளவு விலை எதற்கு?

சந்தேகராசா:

ஏலத் தளம் ஒன்றை மேய்ந்துகொண்டிருந்தபோது டென்மார்க்கில் கையால் செய்த புகையிலை பைப் ஒன்று கண்ணில் பட்டது. விலையைப் பார்த்ததும் புள்ளி இடம் மாறி விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. அடுத்தடுத்து இருந்தவையும் ஆயிரக்கணக்கான டாலரில்தான் இருந்தன. தங்கம் கிடையாது, வெள்ளி வளையம்கூட எல்லாவற்றிலும் இல்லை. ஒரு மரத்துண்டு, அதில் செருகிய கறுப்பு ரப்பர் குழல், அவ்வளவுதான்.

நான் புகைப்பவன் இல்லை, வாங்கப்போவதும் இல்லை. ஆனால் படங்களைப் பார்க்கப் பார்க்க ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது. சிலவற்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. இது உண்மையிலேயே கலையா, இல்லை பணக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஏற்றிவிட்ட விலையா? மரவேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மரத்தூள்:

மரத்திலிருந்தே தொடங்குகிறேன். பட்டறைக்குக் கட்டை வந்து சேரும் முன்பே விலையில் ஒரு பங்கு ஏறிவிடுகிறது.

பிரையர் என்பது எரிகா ஆர்போரியா என்ற புதர்ச்செடி. மத்தியதரைக் கடலைச் சுற்றி, கோர்சிகா, கலாப்ரியா, டஸ்கனி, கிரீஸ், அல்ஜீரியா என்று வறண்ட மலைச்சரிவுகளில் வளர்வது. பைப்புக்கு எடுப்பது தண்டையும் அல்ல, வேரையும் அல்ல. இரண்டும் சேருமிடத்தில் மண்ணுக்குள் உருண்டு திரண்டிருக்கும் கட்டியை. காட்டுத்தீயில் மேலே எல்லாம் கருகிப்போனாலும் இந்தக் கட்டியிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். பைப்புக்கு ஏற்ற அளவுக்கு அது பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். நெருப்புக்கு எளிதில் மசியாது, ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சும். பைப்புக்கு இந்த இரண்டு குணமும் வேண்டும்.

தோண்டியெடுத்த கட்டியை ஈரம் போகாமல் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். அறுத்த பிறகு மணிக்கணக்கில் தண்ணீரில் கொதிக்கவைத்து, சாற்றையும் துவர்ப்பையும் போக்கி, மாதக்கணக்கில் காயவைப்பார்கள். கைவினைஞர்கள் பலர் அதையும் வாங்கிவந்து சில வருடம் சும்மா போட்டுவைப்பார்கள். வட்டி கட்டும் மரம்!

அறுப்பதிலும் இரண்டு வகை. கட்டியின் உள்பகுதியில் எடுக்கும் சதுரக் கட்டைக்கு எபோஷோன் என்று பெயர். தொழிற்சாலைப் பைப்புகளில் பெரும்பாலானவை அதில்தான். வெளி விளிம்பில், பட்டையோரச் சொரசொரப்பு ஒரு பக்கம் ஒட்டியிருக்க எடுப்பது பிளாட்டோ. விலை கூடுதல். காரணம் ரேகை. பலாப்பழத்தை நெடுக்காக வெட்டினால் நடுத்தண்டிலிருந்து சுளைகள் தோலை நோக்கி நிற்குமல்லவா, பிரையரில் ரேகைகள் அப்படித்தான் உள்ளிருந்து வெளியே ஓடுகின்றன. ஓட்டத்தின் பக்கவாட்டில் பார்த்தால் நேர்க்கோடுகள். ஓட்டத்தின் முனையில் பார்த்தால் பலாத் தோலின் முள் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். பைப்காரர்கள் அதைப் பறவைக்கண் என்பார்கள்.

டேனிஷ்காரர்கள் செய்தது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். மீதியை இரவு எழுதுகிறேன்.

கரிச்சான்:

வாயில் புற்றுநோய் வரவழைக்கும் சாமானுக்குக் கலை, ரேகை, பறவைக்கண்! உருப்படியாக வேறு பேச்சு இல்லையா?

நெறியாளர்:

பைப் புகையும் கெடுதல்தான், வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வழிவகுப்பதுதான். அதில் இங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இழை மரவேலைப் பிரிவில் இருக்கிறது. செய்நேர்த்தி பற்றிப் பேசுங்கள். புகையிலை வகை, எங்கே வாங்கலாம் என்ற பேச்சு இங்கே வேண்டாம்.

ஒடென்சவாசி:

வணக்கம். டென்மார்க்கில் கனகாலமாக இருக்கிறேன். இங்கே இப்போது தெருவில் சுங்கான் பிடிப்பவரைக் காண்பதே அரிது. ஆனால் பழைய சாமான் சந்தைக்குப் போனால் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். அப்படித்தான் எனக்கும் இந்தப் பைத்தியம் தொற்றியது.

முதலில் ஒன்று. டென்மார்க்குக்கு இதில் நெடிய பாரம்பரியம் கிடையாது. பிரையர் பைப் 1850களில் பிரான்சின் சான்-க்ளோட் ஊரில் எழும்பிய தொழில். பிறகு லண்டன் அதைப் பிடித்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஒழுங்கான பைப் என்றால் ஆங்கிலப் பைப்தான்: பில்லியர்ட், டப்ளின், புல்டாக் என்று வரையறுத்த வடிவங்கள், அதிலிருந்து இம்மியும் நகரக் கூடாது.

போர் வந்து இறக்குமதி நின்றுபோனது. 1942இல் பவுல் நீல்சன் என்பவர் பீச் மரத்தில் பைப் செய்து விற்கத் தொடங்கினார். போர் முடிந்து பிரையர் கிடைத்ததும் அதற்கு மாறினார். ஆங்கிலப் பைப்புக்கு இருந்த மவுசில், 1948இல் ஸ்டான்வெல் என்று ஆங்கிலத் தொனியில் பெயர் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு தன் குடும்பப் பெயரையே ஸ்டான்வெல் என்று மாற்றிக்கொண்டார்.

மற்ற ஆள் சிக்ஸ்டன் இவார்சன். 1910இல் பிறந்த சுவீடன்காரர், கோபன்ஹேகனில் கடன் வசூலிக்கும் வேலை. பைப் உடைந்துபோய் சூர் என்ற பட்டறைக்குப் பழுது பார்க்கப் போனாராம். செய்துகொடுக்க ஆள் இல்லை என்றதும் கருவியை வாங்கித் தானே சரிசெய்தார், அதைப் பார்த்து அங்கேயே வேலை கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். பழுது பார்ப்பது நல்ல பள்ளிக்கூடம். எந்தப் பைப் எங்கே உடைகிறது, எங்கே எரிந்து ஓட்டையாகிறது, எது புகைக்கும்போது களகளக்கிறது எல்லாம் அங்கே மேசைக்கு வந்துவிடும்.

அவர் தனியாகச் செய்யத் தொடங்கியபோது ஆங்கில வடிவப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டார். கட்டையைக் கையில் எடுத்து, ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்கு எந்த உருவம் பொருந்தும் என்று தீர்மானித்தார். உருவத்தை முதலில் தேய்த்து எடுத்துவிட்டு அதன் பிறகு துளையிட்டார்.

சந்தேகராசா:

அண்ணா, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் துளையை முன்னால் போட்டால் என்ன, பின்னால் போட்டால் என்ன? இட்ட துளை இட்ட துளைதானே?

மரத்தூள்:

இதைத்தான் இரவு எழுத நினைத்தேன்.

வழக்கமான முறையில் கட்டையை லேத்தில் பிடித்து, புகையிலை வைக்கும் கிண்ணத்தைத் துளைத்து, அதே பிடிப்பில் வெளிப்பக்கத்தையும் கடைவார்கள். பிறகு காம்புப் பக்கம், அதாவது குழலைச் செருகும் மரப்பகுதியின் பக்கம், திருப்பிக் காற்றுத் துளை. வேகம், துல்லியம் இரண்டும் கிடைக்கும். ஆனால் துளை விழுந்த கணத்திலேயே பைப்பின் நடு அச்சு முடிவாகிவிட்டது. அதன்பிறகு தோலுக்கு அடியில் ஒரு மண் பொடி கண்டாலோ, ரேகை பத்து பாகை சாய்ந்திருப்பது தெரிந்தாலோ உருவத்தை நகர்த்த இடம் இருக்காது. ரேகை வடிவத்துக்கு அடங்கிப் போக வேண்டும்.

முதலில் உருவம் என்றால் நிலைமை வேறு. சுழலும் உப்புத்தாள் வட்டில் கட்டையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறார்கள். தேயத் தேய ரேகை தெளிவாகத் தெரியும். ஒரு பக்கம் சாய்ந்தால் பைப்பையும் சாய்க்கலாம். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தப் பக்கத்தை இன்னும் உள்ளே கொண்டுபோகலாம். அச்சு கடைசி வரை கைவசம்.

விலை இங்கேதான் ஏறுகிறது. உருவம் முடிந்த பிறகு துளை இட வேண்டும். இப்போது பிடித்துக்கொள்ள ஒரு தட்டைப் பக்கம்கூட இல்லை, எல்லாமே வளைவு. கிண்ணம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலம், காற்றுத் துளை 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. அந்த மெல்லிய துளை காம்பு வழியாகப் போய்க் கிண்ணத்தின் அடியில், சரியாக நடுவில் திறக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் மேலே திறந்தால் அடியில் ஈரப் புகையிலை எரியாமல் தேங்கும். கீழே இறங்கினால் அடிச்சுவர் மெலிந்து சூடு கையைச் சுடும். பக்கவாட்டில் போனால் காம்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும், அத்தனை நாள் வேலையும் குப்பை.

எல்லா டேனிஷ் கைவினைஞரும் எல்லாப் பைப்பையும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லேத்தில் தொடங்குபவர்களும் உண்டு. ஆனால் அந்த நாட்டுப் பைப்புகளை வேறாக்கிய சில வடிவங்களை, துளையை முதலில் போட்டுவிட்டு யோசித்துப் பிடிப்பது ரொம்பக் கடினம். ப்ளோஃபிஷ் என்று தேடிப் பாருங்கள், சிக்ஸ்டனின் மகன் லார்ஸ் இவார்சன் உருவாக்கியது. ஊதிய பேத்தை மீனின் உருவம். இரண்டு கன்னத்திலும் பறவைக்கண் வட்டமாக விரியும், நடு விளிம்பில் நேர்க்கோடுகள் ஓடும். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, ஆனால் தராசு சாயாது. ரேகையின் முனை எங்கே, பக்கவாட்டு எங்கே என்று கட்டைக்குள் பார்க்கத் தெரிந்தவர் மட்டுமே அந்த உருவத்தை யோசித்திருக்க முடியும்.

பேனாமுள்:

எல்லோரும் மரத்தையே பேசுகிறீர்கள். நான் எபோனைட்டில் பேனா கடைபவன், அதனால் குழலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சந்தேகராசா அதைக் "கறுப்பு ரப்பர் குழல்" என்று ஒரே வார்த்தையில் கடந்துபோனார். ரப்பர்தான். கந்தகம் நிறையச் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கிய ரப்பர். நம்மூர்க் கைக்கடைசல் பேனாக்களும் அதே எபோனைட்தான்.

தொழிற்சாலைப் பைப்பில் குழல் அச்சில் வார்த்து வரும், ஓரத்தைச் சீவிப் பொருத்திவிடுவார்கள். நல்ல கைவினைஞர் உருளைக் கம்பியிலிருந்து வெட்டி எடுப்பார். பல்லில் கடிக்கும் இடம் 4 மில்லிமீட்டர் சுமாருக்கு மெலிய வேண்டும். உள்ளே வட்டமாக வரும் துளை அந்த மெலிவில் ஓடமுடியாது, ஆகவே வட்டம் தட்டையாகி விசிறியாக விரிந்து உதட்டருகே ஒரு கீற்றாகத் திறக்க வேண்டும். விரிந்துகொண்டே போனாலும் காற்றுப் போகும் இடம் எங்கேயும் சட்டென்று குறுகக் கூடாது. இதை ஊசி அரத்தாலும், உப்புத்தாளைச் சுருட்டியும் உள்ளே விட்டுத் தேய்க்கிறார்கள். வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் தெரியாது. குழலின் கழுந்து காம்புக்குள் போய் அடியைத் தொடும் இடத்திலும் இப்படித்தான். இடைவெளி விட்டால் புகை அங்கே குளிர்ந்து நீர் தேங்கும், களகளவென்று சத்தம் கேட்கும்.

சோதிப்பது சுலபம். பைப் துடைக்கும் பஞ்சுக்கம்பியைக் கடிவாய் வழியாக விட வேண்டும். எங்கேயும் முட்டாமல், திருகாமல் கிண்ணத்தின் அடிக்கு வந்து சேர்ந்தால் செய்தவர் கெட்டிக்காரர். வளைந்த பைப்பில் இதைச் சாதிப்பவரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடலாம்.

என் கணக்கில் மரத்துக்குச் செலவாகும் நேரத்துக்கு எபோனைட்டுக்குச் செலவாகும் நேரம் குறைவே இல்லை. பார்ப்பவர்கள் ரேகையைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள்!

நாலாம்தெரு:

எல்லோரும் உருகுகிறீர்கள், கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

டென்மார்க் 1950களில் உலகத்துக்குக் கொடுத்தது என்ன? ஹான்ஸ் வேக்னரின் நாற்காலி, ஆர்னே யாகப்சனின் நாற்காலி. அவை பெரிய விஷயமானது ஒரு சீமான் வீட்டில் மட்டும் இருந்ததால் அல்ல, நன்றாக யோசித்த உருவம் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் திரும்பத் திரும்பச் செய்யப்பட்டுப் பல வீட்டுக்குப் போனதால். பைப்பிலும் அதே கண்ணோடு பார்த்தால் வெற்றி ஸ்டான்வெல்லுக்குத்தான். சிக்ஸ்டன் ஒரு கட்டையில் ஒருமுறை கண்டுபிடித்த கோட்டை, ஸ்டான்வெல் பிரதியெடுக்கும் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, பள்ளிக்கூட வாத்தியார் வாங்கக்கூடிய விலையில் உலகமெல்லாம் விற்றது. சிக்ஸ்டன், யெஸ் கோனோவிட்ச், ஆன் யூலி, டாம் எல்டாங் என்று பெரிய கைகள் எல்லாம் அவர்களுக்கு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். நன்றாகத் துளையிட்ட, கச்சிதமான பைப். மக்களுக்கான கலை அதுதான்.

மற்றது? பெட்டியில் வைத்துப் பூட்டி, ஒருமுறைகூடப் பற்றவைக்காமல், பத்து வருடம் கழித்து ஏலம் விடுவது. புழங்காத புழங்குபொருளை எதற்காகக் கொண்டாட வேண்டும்? துளை 2 மில்லிமீட்டர் தள்ளிப்போனால் ஈரம் தேங்குமாம். யார் புகைத்துப் பார்த்தார்கள்?

ஒடென்சவாசி:

நாலாம்தெரு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஸ்டான்வெல்லைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது, என்னிடம் இருப்பவற்றில் அதிகம் அவைதான்.

ஆனால் இயந்திரத்தில் ஏற்ற ஒரு மூலம் வேண்டுமே. அது எங்கிருந்து வந்தது? கட்டைக்குக் கட்டை உருவத்தை மாற்றிப் பார்க்கும் சுதந்திரம் இருந்த பட்டறையிலிருந்து. இயந்திரம் உருவத்தைத் திருப்பிச் செய்யும், ரேகையைத் திருப்பிச் செய்யாது. ஒரே எண் வடிவத்தில் இரண்டு ஸ்டான்வெல் எடுத்துப் பாருங்கள். ஒன்றில் ரேகை கிண்ணத்தோடு அழகாக ஏறும், மற்றதில் குறுக்கே போகும். முதலாவது அதிர்ஷ்டம். சிக்ஸ்டனின் பைப்பில் அது தற்செயல் இல்லை.

அத்தோடு தொழிற்சாலையின் முடிவையும் பார்க்க வேண்டும். போரூப் ஊரில் இருந்த ஸ்டான்வெல் தொழிற்சாலை மூடப்பட்டு, 2010 வாக்கில் தயாரிப்பு இத்தாலிக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் டேனிஷ். தனிப் பட்டறைகள் இன்னும் இங்கேயே இருக்கின்றன. சிக்ஸ்டன் 2001இலும் லார்ஸ் 2018இலும் போய்விட்டார்கள். லார்ஸின் மகள் நன்னா இவார்சன் செய்துகொண்டிருக்கிறார். மூன்றாம் தலைமுறை.

கைமாறிய விதத்தைப் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சூர் பட்டறையில் சிக்ஸ்டனுக்குப் பிறகு பவுல் ராஸ்முசன். அவர் 1967இல் இறந்ததும் மனைவி ஆன் யூலி பட்டறையை விடாமல் நடத்திப் பெரிய பெயர் எடுத்தார். ஆண்கள் மட்டுமே இருந்த தொழில் அப்போது. அவரிடம் பழகியவர் டாம் எல்டாங். டபிள்யூ. ஓ. லார்சன் என்ற கோபன்ஹேகன் புகையிலைக் கடை, 1864இல் தொடங்கியது, சொந்தமாகக் கைவினைஞர்களை வைத்துப் பைப் செய்வித்தது. டெடி க்னுட்சன், ஃபோர்மர் என்று அறியப்படும் ஹான்ஸ் நீல்சன் எல்லாம் அங்கே இருந்தவர்கள். ஸ்வென் பாங் என்ற பெயரில் வரும் பைப்புகளை ஸ்வென் பாங் செதுக்கவில்லை. அவர் கடைக்காரர்; செய்தவர்கள் பெர் ஹான்சனும் உல்ஃப் நோல்டென்ஸ்மையரும், பிறகு கடையின் பெயரையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பத்திரம், பட்டம் எதுவும் இல்லாமல் ஒரு பட்டறையிலிருந்து அடுத்த பட்டறைக்குக் கைப்பழக்கம் போயிருக்கிறது.

ஜப்பானுக்கும் போனது. டோக்குட்டோமி ஹிரோயுக்கி 1970களில் இங்கு வந்து சிக்ஸ்டனிடம் கற்றவர். இன்று அவர் பைப்பைத் தனியாக அடையாளம் கண்டுபிடிக்கலாம்: டேனிஷ் அடித்தளம், ஜப்பானியச் சமனின்மை.

நாலாம்தெரு:

பிரெபன் ஹோல்மை எல்லோரும் மெதுவாகத் தாண்டிப் போவதைக் கவனித்தேன். 1970களில் அமெரிக்காவில் "டேனிஷ் பைப்" என்றாலே அவருடையதுதான். மேல் விளிம்பில் பட்டைச் சொரசொரப்பை அப்படியே விட்டு, பக்கங்களில் வரிவரியாகச் செதுக்கி, காம்பைப் பூவாய் விரித்து... அதுவும் உங்கள் தூய கலையில் சேர்த்தியா?

ஒடென்சவாசி:

சேர்த்திதான், ஏன் இல்லை? ஹோல்ம் 1947இல் பிறந்து 1989இலேயே இறந்துவிட்டார். இளவயதிலேயே பட்டறையில் பல பேரை வைத்து வேலை வாங்கினார். பென் வேட் என்ற பழைய ஆங்கிலப் பெயரில் அமெரிக்க வணிகர் லேன் மூலமாக அவருடைய பைப்புகள் விற்றன. சந்தை கேட்டது என்று ஒரே கோலத்தைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள், அலை ஓய்ந்ததும் தொழில் விழுந்தது.

எனக்கு அவருடைய ஆரம்பகாலப் பைப்புகள் பிடிக்கும். பிந்தியவற்றில் பல எனக்குக் கண்ணை உறுத்தும். சொரசொர விளிம்பை விடுவதற்கு ஒரு காரணம் இருந்தால் அழகு: இந்தக் கட்டை பிளாட்டோ, ரேகை இந்தத் தோலை நோக்கித்தான் ஓடிவருகிறது என்று காட்டும். ரேகை ஒரு பக்கம் போக விளிம்பு மட்டும் சொரசொரப்பாக நின்றால் வெறும் அலங்காரம். சிக்ஸ்டனின் பைப்புகளில் பல அதிர வைக்கும் அளவுக்கு எளிமை. ஒரு கோட்டை எடுத்துவிட்டாலும் விழுந்துவிடும்.

சந்தேகராசா:

என் சந்தேகம் தீரவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ரேகை இயற்கை கொடுத்தது. நல்ல ரேகை உள்ள கட்டை கையில் கிடைப்பது அதிர்ஷ்டம். அப்படியானால் அதிர்ஷ்டத்துக்கு விலை கொடுத்துக் கைக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோமா?

மரத்தூள்:

நல்ல கேள்வி. விற்பனையாளர்களே இந்தக் குழப்பத்தை வளர்த்துவிட்டார்கள். பைப் முழுக்க நேர்க்கோடு இருந்தால் தரவரிசை உயரும், விலை உயரும். அதனால் ரேகை நன்றாக இருந்தும் உருவம் சப்பையாக இருக்கும் பைப்புகள் ஏராளம். ஒரு அழகான கட்டையை உருளையாகக் கடைந்து வைத்தால்கூட வாங்க ஆள் இருக்கிறது.

ஆனால் கட்டை எந்த அடையாளமும் இல்லாமல்தான் வருகிறது. வெளியில் பழுப்பு, கீறல், தூசி. தண்ணீர் தடவினால் கொஞ்சம் தெரியும். எந்த ஆழத்தில் குழி இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டி வளரும்போது சிறு கற்களையும் மண்ணையும் விழுங்கிவிடும். முக்கால்வாசி முடிந்த பைப்பில், சரியாகக் கண்ணில் படும் இடத்தில் ஒரு கறும்புள்ளி வாய் திறக்கும். மலிவுப் பைப்பில் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, கனத்த சாயம் பூசி மறைத்துவிடுவார்கள். உயர்தர டேனிஷ் பைப்பில் அடைப்பு கிடையாது. உருவத்தை மாற்றிப் புள்ளியைத் தேய்த்துத் தள்ளப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் மணல் வீச்சு: அழுத்தக் காற்றில் மணலை அடித்து மென்மையான பகுதியை அரித்துவிட்டால் கடின வரிகள் மேடாக நிற்கும், புள்ளி காணாமல் போகும். மழமழப்பான பைப்பைவிட இதன் விலை குறைவு. எனக்கென்னவோ நல்ல மணல் வீச்சுப் பைப்தான் கையில் பிடிக்க இதம். அதுவும் உதவாது என்றால் அடுப்புக்கு.

விற்ற பைப்பின் விலையில் அடுப்புக்குப் போனவையும் அடக்கம்.

சாயமும் கவனிக்க வேண்டியது. முதலில் கறுப்புச் சாயம் ஊற்றுவார்கள். ரேகையின் மென்பகுதி அதிகம் குடிக்கும், கடினப்பகுதி குறைவாகக் குடிக்கும். மேற்பரப்பை மறுபடி தேய்த்தால் கறுப்பு மென்பகுதியில் மட்டும் தங்கும். அதன்மேல் மஞ்சளோ செம்மஞ்சளோ. டாம் எல்டாங்கின் பைப்புகளில் பொன்னிறத்தின் மேல் கறுப்பு வரிகள் துள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். கடைசியில் கார்னோபா மெழுகு. பளபளப்புப் பூச்சு அடித்து மூடுவதில்லை, மரம் மூச்சு விட வேண்டும்.

பேனாமுள்:

சந்தேகராசாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் போ நோர்த். சுவீடனில் மால்மோ ஊர்க்காரர், ஆனால் நீரிணைக்கு அந்தப் பக்கம்தான் கோபன்ஹேகன், அதனால் இந்தப் பரம்பரையோடு சேர்த்தே பேசுவார்கள். மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலை செய்தவர். தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே வடித்துக்கொண்டார். 2006இல் இறந்தார். அவருடைய நாட்டிலஸ், ராம்சஸ் வடிவங்களைத் தேடிப் பாருங்கள். நாட்டிலஸில் உருவம் சங்காகச் சுருளும், ரேகையும் கூடவே சுருண்டு வருவதாகக் கண் நம்பும். மரத்தில் ரேகை சுருளாது, நேராகத்தான் ஓடும். நேராக ஓடும் ஒன்றை எந்தக் கோணத்தில் வெட்டினால் சுருளாகத் தெரியும் என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதே கட்டையை என்னிடம் கொடுத்திருந்தால் ஒரு கனமான பேனாத்தாங்கி கிடைத்திருக்கும்.

நாலாம்தெருவுக்கும் ஒன்று. புகைக்காமல் பூட்டி வைப்பவர்கள் மீது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் செய்பவர் புகைப்பதற்காகவே துளைக்கிறார். பூட்டி வைக்கப்போகிறவனுக்காக யாரும் உள்துளையை விசிறியாக விரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நாலாம்தெரு:

சரி, உள்துளை விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். ஏல விலையில் விட்டுக்கொடுக்க மாட்டேன். செத்தவர் பெயருக்கு ஏறும் விலையில் செதுக்கியவருக்கு ஒரு காசு போவதில்லை.

மரத்தூள்:

அதில் சண்டையே இல்லை. உயிரோடு இருப்பவரிடம் நேரடியாக வாங்கினால் அந்தப் பணம் அடுத்த மூட்டைக் கட்டைக்குப் போகும்.

சந்தேகராசா:

மூங்கில் காம்பு வைத்த பைப்புகள் நிறையத் தென்படுகின்றனவே, அதற்கு என்ன காரணம்? பிரையரும் மூங்கிலும் ஒட்டாத சோடி மாதிரிப் படுகிறது.

ஒடென்சவாசி:

அதுவும் சிக்ஸ்டன் கணக்கில்தான் சேரும். போருக்குப் பின் நல்ல பிரையர் தட்டுப்பாடு. கிடைத்த கட்டை காம்புக்கு நீளம் போதாமல் குட்டையாக இருக்கும். கணுக்கள் நெருங்கிய மூங்கிலை நடுவில் வைத்து நீட்டினார் என்பார்கள். இல்லாத குறைக்குச் செய்தது, பிறகு அழகுக்காகவே கேட்டு வாங்கும்படி ஆகிவிட்டது. புகை பட்டுப் பட்டு மூங்கில் தேன் நிறமாகும். கணு ஒவ்வொன்றும் வேறு என்பதால் இரண்டு பைப் ஒன்றாக இருக்கவே இருக்காது.

தாழம்பூ:

இழையை முழுக்கப் படித்துவிட்டுப் பரணில் ஏறித் தேடினேன். தாத்தா கப்பலில் வேலை பார்த்தவர். அவருடைய பெட்டியில் ஒரு பைப் இருந்தது. காம்பில் ஸ்டான்வெல், அதற்குக் கீழே "ரெஜிடி. நம்பர் 969-48" என்று பொறித்திருக்கிறது. குழலில் ஒரு சிறிய கிரீடம், அதற்கடியில் எஸ் எழுத்து. குழல் கறுப்பாக இல்லை, பாசி பிடித்த பச்சைப் பழுப்பு. நாக்கில் வைத்தால் கந்தக நாற்றம். யாரும் புகைக்கப்போவதில்லை, சுத்தம் செய்து கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும். எத்தனை வருடப் பழசு? சோப்பு நீரில் ஊறப்போடலாமா?

ஒடென்சவாசி:

நல்ல பொருள் அகப்பட்டிருக்கிறது! 48 என்பது 1948, வணிகப் பெயரைப் பதிவு செய்த வருடம், பைப் செய்த வருடம் அல்ல. அந்தப் பதிவு எண்ணை 1970ஐ ஒட்டிய காலம் வரைதான் பொறித்தார்கள். ஆகவே 1948க்கும் 1970களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. காம்பின் அடியில் வடிவ எண் ஒன்று இருக்கும், அதையும் பார்த்துச் சொல்லுங்கோ. சில எண்கள் சிக்ஸ்டன் வரைந்தவை.

பேனாமுள்:

ஊறப்போடாதீர்கள்! மரப்பகுதி தண்ணீரில் படவே கூடாது. வீங்கினால் காம்பு பிளக்கும்.

முதலில் குழலை மெல்லத் திருகிக் கழற்றுங்கள். இழுக்க வேண்டாம், ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே வெளியே எடுங்கள். இறுகியிருந்தால் ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு முயலுங்கள். பச்சை நிறம் எபோனைட் வெளிச்சம் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆனதால் வருவது, அழுக்கு இல்லை. நீரில் நனைத்த 800 எண் உப்புத்தாளில் தொடங்கி 1000, 1500, 2000 என்று போங்கள். கிரீடம் இருக்கும் இடத்தைச் சுற்றி விரலால் மட்டும், இல்லையேல் அது தேய்ந்துவிடும். கடைசியில் பேனாவுக்குப் போடும் பாலிஷே போதும்.

கிண்ணத்துக்குள் படிந்த கரியைக் கத்தியால் சுரண்ட வேண்டாம், காகிதத்தைச் சுருட்டித் துடையுங்கள். வெளிப்பக்கத்துக்கு ஈரத்துணி ஒருமுறை, உலர்ந்த துணி ஒருமுறை. பொறித்த எழுத்தின் மேல் உப்புத்தாள் போகவே கூடாது. வயதைச் சொல்ல இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

தாழம்பூ:

குளிர்பெட்டி யோசனை பலித்துவிட்டது, குழல் கழன்றுவிட்டது. வடிவ எண் பாதி தேய்ந்திருக்கிறது, நாளை வெயிலில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன். ரேகை ஒரு பக்கம் நேராக ஏறுகிறது, மறுபக்கம் எல்லாம் புள்ளி.

மரத்தூள்:

புள்ளிப் பக்கத்தைத்தான் முதலில் படம் எடுங்கள்.